நின்னு போன வண்டிக்கும் தவணை உண்டு!
லோடு வண்டி வாங்கும் முன் நாம் போட வேண்டிய கணக்கு

(கிராம விளக்கக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நாம் விளைபொருள் விலையைப் பேசுவோம், வாய்க்கால் தண்ணியைப் பேசுவோம், கரண்டைப் பேசுவோம். இன்னிக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போறோம். "சங்கத்துக்கும் வண்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. நிலத்தை அடுத்து நாம் பெரிய கடன் வாங்குவது இன்று லோடு வண்டிக்குத்தான். அந்தக் கடனில் எத்தனை குடும்பம் திணறுகிறது என்பது நமக்குத் தெரியும்.

2005-ஆம் வருடம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், நம்ம தெருவுக்குள்ள திரும்புகிற உடம்பு. குட்டி யானை என்று நாமதான் பேர் வச்சோம். 2011-இல் ஓசூரிலிருந்து தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப் ஊருக்கு ஊர் ஓடுது. அதுவரைக்கும் காய் ஏற்ற வாடகை வண்டிக்காரரைக் கெஞ்சிக்கிட்டு நின்ற நாம், சொந்த வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனோம். அது பெரிய விடுதலை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வண்டி நடுவழியில் நின்னு போனால்?

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறோம். நம் சங்க உறுப்பினர் ஒருவர். வண்டி வாங்கி எட்டு மாசம்தான். அறுபது பெட்டி தக்காளி, பெட்டிக்கு 14 கிலோ. வடகாடு ரோட்டில் வரும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி இழுக்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகவே மாட்டேங்குது. ஏலம் முடிஞ்சு போச்சு. பெட்டி 300 ரூபாய்க்குப் போக வேண்டிய தக்காளி, வெயிலில் கிடந்து 100 ரூபாய்க்குப் போனது. அன்றைக்கு மட்டும் 12,000 ரூபாய் நட்டம். வண்டியைக் கட்டி இழுத்துப் போக 4,000. சர்வீஸ் சென்டரில் "ஒரு சென்சார் வரணும்" என்றார்கள். பதினோரு நாள் வரவில்லை. அந்தப் பதினோரு நாளில் ஏழு நடை வாடகை வண்டி, நடைக்கு 1,800 வீதம் 12,600. மொத்தம் 28,600 ரூபாய். இதற்கு நடுவில் தவணை தேதி வந்தது. 17,500 கட்டினார். எங்க இருந்து கட்டினார்? வீட்டுக்கார அம்மா கம்மலை வைத்துக் கட்டினார்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? "வாரண்டியில் சென்சார் இலவசம் சார்!"

நண்பர்களே, சென்சாருக்கு வாரண்டி உண்டு. தக்காளிக்கு வாரண்டி உண்டா? கம்மலுக்கு வாரண்டி உண்டா? இந்த இடத்திலிருந்துதான் நம்ம கணக்கு தொடங்க வேண்டும். வண்டி என்ன விலை, முன்பணம் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்குகிறோம். வண்டி நின்றால் யார் வருவார், எத்தனை நாளில் எழும், அதுவரை நட்டம் யாருக்கு என்று கேட்பதில்லை. வண்டி விலை என்பது ஷோரூமில் கொடுக்கிற பணம் மட்டும் இல்லை. நின்ற நாளின் செலவும் அதோடு சேர்ந்ததுதான்.

சரி, ஏன் இப்படி நிற்கிறது? இதையும் தெரிஞ்சுக்கணும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டிகளுக்கு பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாடு வந்தது. நல்ல சட்டம்தான். நம்ம பிள்ளைகள் சுவாசிக்கிற காற்று அது. ஆனால் அதற்காக டீசல் வண்டியின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வந்தது. அந்தக் கரி எரிந்து போக, வண்டி கொஞ்ச நேரம் நல்ல சூட்டில் ஓட வேண்டும். நாமோ தோட்டத்துக்கும் ஊருக்கும் நாலு கிலோமீட்டர், மெதுவா, நின்னு நின்னு ஓட்டுகிறோம். கரி அடைக்கிறது. விளக்கு எரிகிறது. "விளக்குதானே" என்று விட்டால், எஞ்சினைக் காப்பாற்ற வண்டியே தன் வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. சில வண்டிகளுக்கு டெஃப் என்கிற யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றினால் தீர்ந்தது கதை! கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் இன்ஜெக்டர் போகும். பழைய வண்டியை நம்ம ஊர் மெக்கானிக் ஸ்பானரை வைத்தே ஓட்டி விடுவார். புது வண்டிக்கு ஸ்கேனர் மாட்டினால்தான் என்ன கோளாறு என்றே தெரியும். அந்த ஸ்கேனர் எங்கே இருக்கு? அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

நம்ம பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கணும். ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி மலை ஏற்றினால் கிளட்ச் கருகத்தான் செய்யும், பட்டை முறியத்தான் செய்யும். அதைக் கம்பெனி மேல் போட முடியாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 20,000 ரூபாய் அபராதம் இருக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 கூடுதல். வாரண்டியும் போகும். ஆகவே வாங்கும்போதே, சராசரி நாளைக் கணக்கில் எடுக்காமல், காய் அதிகம் வரும் நாளில் எவ்வளவு ஏற்றுவோம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். எந்த வண்டியைக் கேட்டாலும் ஒருத்தர் "அந்த வண்டியா? வேண்டவே வேண்டாம்" என்பார். இன்னொருத்தர் "தங்கமான வண்டி" என்பார். யார் பேச்சை நம்புவது? புகாரை எடை போடக் கற்றுக் கொள்ள வேண்டும். தராசு இல்லாமல் வியாபாரி எடை சொன்னால் நாம் ஒத்துக்குவோமா? அது மாதிரிதான்.

முதலாவது, எத்தனை வண்டியில் எத்தனை புகார்? நம் வட்டாரத்தில் நூறு வண்டி ஓடுகிற மாடலில் பத்து பேர் புலம்பினால் அது பெரிய சத்தமாகக் கேட்கும். ஐந்தே வண்டி ஓடுகிற மாடலில் மூன்று பேர் புலம்பினால் சத்தமே கேட்காது. ஆனால் பயப்பட வேண்டியது எதற்கு? இரண்டாவதற்கு.

இரண்டாவது, என்ன மாதிரிக் கோளாறு? கதவு ஆடுகிறது, மழைக்கு உள்ளே ஒழுகுகிறது என்பது எரிச்சல் தரும் கோளாறு. டயர் சீக்கிரம் தேய்கிறது, கிளட்ச் அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது காசைத் தின்னும் கோளாறு. ஆனால் இதற்கு முன்கூட்டியே பணம் எடுத்து வைக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நிறுத்துவது மூன்றாவது வகை. பிரேக், ஸ்டியரிங் கோளாறு என்றால் உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டையும் பொறுத்துக் கொள்ளலாம். நடுரோட்டில் நிறுத்துகிற வண்டி, உயிரோடு விளையாடுகிற வண்டி, எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது? ஆறு மாசம் ஓட்டினவர் சொல்லும் நல்ல பேரும் பாதி, கெட்ட பேரும் பாதி. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியவரிடம் கேளுங்க. மார்க்கெட் வாசலில் வண்டி வரிசையாக நிற்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பத்து டிரைவரிடம் பேசுங்க. "கடைசியாக எப்போது நின்றது? எத்தனை நாள் கிடந்தது? என்ன செலவு?" இந்த மூன்று கேள்வி போதும். பிறகு கம்பெனி ஆள் இல்லாத ஒரு தனி மெக்கானிக்கிடம் கேளுங்க. புது மாடல் வந்த முதல் வருடமே நாம் முந்திக்கிட்டு வாங்க வேண்டியதில்லை.

நான்காவது, எத்தனை தூரத்தில் சர்வீஸ்? எத்தனை நாளில் பார்ட்ஸ்? சுமாரான வண்டியாக இருந்தாலும் மறுநாளே எழுந்து விட்டால் பிழைத்துக் கொள்ளலாம். அருமையான வண்டி, பதினைந்து நாள் பார்ட்ஸ் வரவில்லை என்றால் நமக்கு அது இரும்புதான்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனம். எஞ்சின் ஆறிக் கிடக்கிற காலை நேரத்தில் போய், நாமே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். எப்.சி., இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் நீக்கியாச்சா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நடைக்கு மேல் வேலை இல்லை என்றால், வண்டியே வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகை வண்டியை நிரந்தரமாகப் பேசிக் கொள்ளுங்கள். அது அவமானம் இல்லை, புத்திசாலித்தனம்.

வாங்கிய பிறகு கோளாறு வந்தால் என்ன செய்வது? ஷோரூமில் சத்தம் போட்டுவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் கோளாறை எழுத வையுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி எழுத வையுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வாய் வார்த்தையா சொன்னேனுங்க" என்றால் எந்த ஆணையமும் ஏற்காது. 2019-இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. லாப வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அந்தச் சட்டம் சொன்னாலும், சுய தொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. இதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

தவணை தவறினால் ரவுடிகளை அனுப்பி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. வசூல் போன் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. மிரட்டினால் தனியாக அழாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள்.

இன்னொரு சட்டமும் இருக்கு. அதைப் பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுநருக்கோ சாலையில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரும் குறை ஒரு மாடலில் இருந்து, குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் புகார் கொடுத்தால், அந்த வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு அரசு உத்தரவிடலாம். கவனியுங்கள், சதவீதம்! ஒருத்தர் கொடுத்தால் கணக்கில் வராது. தனித்தனியாகச் சொன்னால் அது புலம்பல். சேர்ந்து எழுதினால்தான் அது புகார். இதற்குத்தான் சங்கம்!

ஆகவே நம் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. லோடு வண்டி விற்கும் கம்பெனி, வட்டாரத் தலைமை ஊரிலேயே ஸ்கேனர் வசதியோடு சர்வீஸ் தர வேண்டும்.

2. வாரண்டி காலத்தில் மூன்று நாளுக்குள் பார்ட்ஸ் வராவிட்டால் மாற்று வண்டியோ வாடகையோ தர வேண்டும். இதை விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. வாரண்டி கோளாறால் வண்டி நின்ற நாட்களுக்கான தவணையை அபராத வட்டி இல்லாமல் கடைசியில் சேர்க்க வேண்டும்.

4. பழுது பார்க்கும் விவரமும் கருவியும் ஊர் மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. அது நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

5. வாரண்டி புத்தகத்தையும் கடன் பத்திரத்தையும் தமிழில் தர வேண்டும்.

6. வண்டிக் குறை பற்றிப் புகார் தரும் முறையை எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

விவசாயப் பெருமக்களே! இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றி வரும். வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மாடல், வாங்கிய வருடம், ஓடிய கிலோமீட்டர், நின்ற நாள், ஆன செலவு என்று ஐந்தையும் எழுதுங்கள். கோளாறே வராதவர்களும் அதை எழுதுங்கள். அப்போதுதான் கணக்கு நேர்மையாக இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் எழுதுவார்கள். அடுத்து வண்டி வாங்கப் போகிற நம் தம்பிக்கு அந்த நோட்டுதான் வழிகாட்டி. கம்பெனியின் முன்னாலும் அதிகாரியின் முன்னாலும் அதுதான் நம் ஆயுதம்.

விதையை விதைப்பதற்கு முன் முளைப்புத் திறன் பார்க்கிறோம். மாட்டை வாங்குவதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். எட்டு லட்சத்து வண்டியை மட்டும் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கண்ணை மூடிக் கொண்டு எடுத்து வரலாமா?

கேட்டு வாங்குவோம்! எழுதி வாங்குவோம்! சேர்ந்து கேட்போம்!