அயல்நாட்டு மணமும் குடியுரிமையும்



தமிழகத்தை விட்டு வந்து தில்லிக் கரோல்பாகிலும், மும்பை மாதுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் குடியேறியவர்கள் நாம். வந்த புதிதில் மொழி தெரியாமல் தவித்தோம். வீடு கிடைக்காமல் அலைந்தோம். ஆனால், 'இங்கே வசிக்க உமக்கு அனுமதி உண்டா?' என்று எந்த அதிகாரியும் நம்மைக் கேட்டதில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் நிலைபெறவும் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. அவ்வுரிமையை நாம் மூச்சுக்காற்றைப் போல் அனுபவிக்கிறோம். ஆகையால் அதன் அருமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பொழுது நம் குடும்பங்களில், அவ்வுரிமை இல்லாத ஓர் உறவினர் வந்து சேர்கிறார். அயல்நாட்டில் பிறந்த மருமகள் அவர், அல்லது மருமகன். வாசலில் ஆரத்தி எடுத்து அவரை உள்ளே அழைத்துவிடுகிறோம். வீடு ஏற்றுக்கொண்டால் நாடும் ஏற்றுக்கொண்டது என்று கருதிவிடுகிறோம். அது அவ்வாறன்று. மணம் வேறு, குடியுரிமை வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழி எத்தகையது, அவ்வழியில் நம் கடமை யாது என்பதே இன்றைய பேச்சு.

முன்னாளில் இத்தகைய மணங்களைத் தடுத்தது சமூகமே. 1920-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி, ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. ஆயினும் அன்று இருவரும் ஒரே முடியாட்சியின் பிரஜைகள். ஊரார் கோபித்தனரேயன்றி, அவர்கள் எந்த நாட்டில் வசிப்பது என்ற கேள்வி எழவில்லை. 

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை மாறிற்று. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன், இளம் வெளியுறவு அதிகாரியாக ரங்கூனில் பணியாற்றியபோது டின்ட் டின்ட் என்னும் பர்மிய நங்கையைச் சந்தித்தார். வெளியுறவுப் பணியில் இருப்பவர் அயல்நாட்டாரை மணப்பதற்கு விதி இடம் தரவில்லை. பிரதமர் நேருவின் தனி அனுமதி பெற்று 1951-இல் தில்லியில் அம்மணம் நடந்தது. அவ்வம்மையார் உஷா என்ற பெயருடன் இந்தியக் குடிமகளானார். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவரின் துணைவியாராகத் திகழ்ந்தார். நம்முள் மத்திய அரசு ஊழியர் பலர் உளர். அவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, அயல்நாட்டவரை மணக்கும் அரசு ஊழியர் அச்செய்தியை உடனே அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இனி, மணத்தின் சட்டத்தைப் பார்ப்போம். கோயிலில் தாலி கட்டியாயிற்று, இனி என்ன குறை என்று பெரியோர் கேட்பதுண்டு. இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே செல்லும். ஒருவர் வேறு சமயத்தினராயின், 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டத்தை நாடலாம். இருவரில் ஒருவரேனும் ஒரு மாவட்டத்தில் 30 நாட்களுக்குக் குறையாமல் வசித்திருந்து, அம்மாவட்டத் திருமண அதிகாரியிடம் இருவரும் கையெழுத்திட்ட அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு வெளியான பின் 30 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். பிறகு மூன்று சாட்சிகளின் முன்னிலையில் மணம் நடைபெறும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் நடத்தாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டு வார விடுமுறையில் வந்து மணத்தை முடித்துக்கொண்டு திரும்பலாம் என எண்ணும் அயல்நாட்டு மணமகன் ஏமாற்றமடைவார்.

இடைப்பட்ட 30 நாட்களில் எவரும் ஆட்சேபணை எழுப்பலாம். ஆனால் அதற்குரிய காரணங்களைச் சட்டமே வரையறுத்துள்ளது: முந்திய மணம் நீடித்திருத்தல், வயது நிரம்பாமை, மனநலக் குறைவு, விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவை. மாமனுக்குப் பிடிக்கவில்லை என்பது அப்பட்டியலில் இல்லை! ஏற்கெனவே சடங்கு முறையில் மணம் புரிந்தவர்களும் இதே சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு. வெளிநாட்டில் மணம் செய்வோருக்கு 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. மணமக்களில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருப்பின், அச்சட்டத்தின்படி அங்குள்ள திருமண அதிகாரியின் முன் மணம் நடத்தலாம்.

தாள்களை மொழிபெயர்ப்பது நம் தொழிலாதலின், இவ்விடத்தில் தமிழர்க்கே உரிய தொல்லை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அயல்நாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தலைப்பெழுத்துத்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் வெறும் 'கே' என்று நிற்பது, கடவுச்சீட்டில் 'கிருஷ்ணசாமி' என்று விரிகிறது. அயல்நாட்டு அலுவலர் அதனைக் குடும்பப் பெயரெனக் கொண்டு, மருமகளையும் 'திருமதி கிருஷ்ணசாமி' ஆக்கிவிடுகிறார். மாமனார் பெயரால் மருமகளை அழைப்பதைக் கேட்டு வீட்டில் நகைக்கலாம். விண்ணப்பத்தில் அது நகைப்பிற்குரியதன்று. ஒரு தாளில் ஒரு பெயரும் மற்றொரு தாளில் வேறொரு பெயரும் இருப்பின் மாதக்கணக்கில் தாமதம் நேரும். ஆகவே மணப்பதிவிற்கு முன்னரே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒரே விதமாக அமைத்துக்கொள்வது நன்று. அயல்நாட்டுத் துணைவர், தாம் மணம் புரியத் தடையில்லை என்பதற்கு அவர் நாட்டுச் சான்றும், முன்பு மணமாகி விலகியவராயின் அதற்குரிய தீர்ப்பும் கொண்டுவருதல் வேண்டும்.

பதிவு முடிந்தபின் வசிப்புக்குரிய படிகள் தொடங்குகின்றன. முதற்படி நுழைவு விசா. சுற்றுலா விசா, ஊர் பார்க்க வந்தவர்க்குரியது. அதைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாது. 180 நாட்களுக்கு மேற்பட்ட காலத்துக்கு விசா பெற்றவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இன்று இது இணையவழியிலேயே நடைபெறுகிறது. 1939, 1946-ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள் நீங்கி, 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகையால் முன்பு எவரோ சொன்னதை நம்பாமல், அன்றன்றைய விதிகளைப் பார்த்தே செயல்பட வேண்டும்.

இரண்டாம் படி, இந்தியாவின் கடல்கடந்த குடியுரிமை அட்டை. பதிவான மணம் இடைவிடாமல் இரண்டு ஆண்டுகளேனும் நீடித்த பின்னர், பாதுகாப்பு விசாரணைக்குட்பட்டு இதனைப் பெறலாம். பாகிஸ்தான், வங்கதேசம் ஆகியவற்றின் குடிமக்களுக்கும் அந்நாட்டு வழியினர்க்கும் இது கிடையாது. பெயரில் குடியுரிமை இருப்பினும் இது குடியுரிமையன்று. வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்க இயலாது, இதழியல், சமயப் பிரசாரம், ஆராய்ச்சி முதலிய சில பணிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். நீதிமன்றத்தால் மணம் முறிக்கப்பட்டால் அட்டையும் ரத்தாகக்கூடும்.

மூன்றாம் படியே குடியுரிமை. இதன் வரலாற்றில் ஒரு சொல்லின் கதை உண்டு. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்தியக் குடிமக்களை மணந்த 'பெண்கள்' பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அயல்நாட்டுப் பெண்ணை மணந்த நம் மகனுக்கு வழி இருந்தது; அயல்நாட்டு ஆடவனை மணந்த நம் மகளுக்கு அவ்வழி இல்லை. மனைவி கணவனைத் தொடர்ந்து செல்வாள், கணவன் மனைவியைத் தொடரான் என்னும் பழைய எண்ணம் அந்த ஒரு சொல்லில் குடிகொண்டிருந்தது. 1986-இல் திருத்தம் வந்தது. 'பெண்கள்' என்பது 'நபர்கள்' ஆயிற்று. சொல்லை எடைபோட்டுப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதனினும் பெரிய மாற்றம் வேறொன்று தோன்றவில்லை. மூன்று பத்தாண்டுகளாக நம் பெண்களுக்கு அடைத்திருந்த கதவு அச்சொல்லால் திறந்தது.

அதே திருத்தம் ஐந்து ஆண்டு வசிப்பைக் கோரிற்று. 2003-ஆம் ஆண்டின் திருத்தம் அதனை ஏழாக உயர்த்தியது. ஏழு ஆண்டுகளைக் கணக்கிடும் முறையையும் அறிதல் வேண்டும். விண்ணப்பத்திற்கு முந்திய 12 மாதங்கள் முழுதும் இந்தியாவிலேயே வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளேனும் இங்கே இருந்திருக்க வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு போகும் மருமகளும், தந்தையின் நோய்க்காகச் செல்லும் மருமகனும் இக்கணக்கை மனத்தில் வைத்துப் பயண நாட்களைக் குறித்து வருதல் நலம்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தை, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடிபுகாதவராகவும் இருந்தால், பிறப்பாலேயே இந்தியக் குடிமகனாகும். மற்றவருடைய விசா காலாவதியாகாமல் இருப்பது இதனாலும் முக்கியம். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்றும் பெற்றோர் உறுதி கூற வேண்டும்.

இவ்வளவு சட்டங்களையும் அறிந்தபின் எஞ்சி நிற்பது குடும்பத்தின் மனம். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே குடியுரிமை பெற விரும்பும் மருமகள், தன் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டும். தாய்நாட்டில் மூப்படைந்த பெற்றோரைக் காணவும் பின்னர் விசா கேட்க நேரலாம். அத்தகைய முடிவை அவள் தானே ஆலோசித்து எடுக்க வேண்டும். 'எங்கள் வீட்டுக்கு வந்தவள் எங்கள் நாட்டினள் ஆகவேண்டாமா?' என்று நாம் நெருக்குதல் முறையன்று. அட்டையுடன் ஆயுள் முழுதும் வாழ்வோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர்.

இன்னுமொன்று. குடியுரிமை பெறும் வரை, அயல்நாட்டிலிருந்து வந்தவரின் வசிப்பு நம் கையொப்பத்தைச் சார்ந்தே நிற்கிறது. விசா நீட்டிப்புக்குக் கணவனின் கடிதம் வேண்டும். அட்டைக்கு அவன் தாள்கள் வேண்டும். வீட்டில் ஒரு சிறு பூசல் எழுந்தாலும், 'நான் கையெழுத்திடாவிட்டால் உன் கதி என்ன?' என்று சொல்லும் வாய்ப்பு ஒருவருக்கே இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. வாயால் சொல்லாவிடினும், அவ்வாய்ப்பு இருப்பதை இருவரும் அறிவர். தாய்மொழியில் பேச எவருமின்றி, நம் சமையலையும் சடங்குகளையும் கற்றுக்கொள்ள முயலும் ஒருவருக்கு அந்த அச்சமும் சேருமாயின் அது எத்துணைப் பெரிய பாரம்!

ஆதலின் அயல்நாட்டுத் துணைவரின் கடவுச்சீட்டு, மணச்சான்று, பதிவுச்சீட்டு ஆகிய மூன்றும் அவரிடமே இருக்கட்டும்; மாமியாரின் அலமாரியில் பத்திரமாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு தாளின் நகலும் வேறோரிடத்தில் இருக்கட்டும். விசா முடியும் தேதியை நாட்காட்டியில் எல்லோர் கண்ணிலும் படும்படி குறித்துவைப்போம். அலுவலகத்திற்குச் செல்லும் நாளில் துணையாகச் செல்வோம். ஆனால் அதிகாரியின் கேள்விக்கு அவரே விடை சொல்லட்டும். விண்ணப்பத்தில் நாம் இடவேண்டிய கையொப்பத்தை, அவர் கேட்டு நிற்கும் வரை காத்திராமல், உரிய காலத்திற்கு முன்பே இட்டுக் கொடுத்துவிடுவோம்.