அல்லங்காடிப் பந்தி



மதுரை என்றதும் கோபுரத்தையும் மல்லிகையையும் சொல்லி ஆரம்பிப்பது வழக்கம். இன்றைக்கு இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, மேல வெளி வீதியைத் தாண்டி, டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடங்கள். மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். பகலிலேயே வந்து சேர்ந்துவிட்டால் அறை எடுத்து ஒரு தூக்கம் போடுங்கள். சாப்பிடுவதற்காக மதுரைக்கு வருகிறவருக்குப் பகல் அவ்வளவு முக்கியமில்லை.

வழி தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நடுவில் மீனாட்சி கோயில். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வெளி வீதியைத் தவிர மற்றவை மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள், சாமி வலம் வருகிற வீதிகள். சாமி புறப்பாடு திருவிழா நாட்களில்தான். சாப்பாட்டுப் புறப்பாடு தினமும் உண்டு. ஆறு மணிக்கு மேல் மாசி வீதிகளிலும் அவற்றின் சந்துகளிலும் தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் பலகையோ பெயரோ இருக்காது. ஆனாலும் வண்டி நேற்று நின்ற அதே கல்லுக்குப் பக்கத்தில்தான் இன்றும் நிற்கும்.

முதலில் பருத்திப்பால் வண்டியைத் தேடுங்கள். கழுத்தில் துணி சுற்றிய பெரிய பானை, பக்கத்தில் டம்ளர் அடுக்கு, ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பூ. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் சற்றுத் தயங்குவார்கள், மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையா என்று. அதேதான். கொட்டையை இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் ஆட்டி, துணியில் கட்டிப் பிழிந்தால் வெள்ளையாகப் பால் இறங்கும். சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடியும் ஆட்டிப் பிழிவார்கள். அந்தப் பாலில் அரிசி மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போனதும் கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய். சிலர் சித்தரத்தையும் திப்பிலியும் சேர்ப்பார்கள். டம்ளரில் ஊற்றி மேலே தேங்காய்ப்பூவைத் தூவிக் கையில் கொடுக்கும்போது, அது குடிப்பதா சாப்பிடுவதா என்று தெரியாத பதத்தில் இருக்கும். கடைசி வாய்க்கு டம்ளரின் அடியைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

இது ஏன் மதுரையில் மட்டும் இவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது? ஊருக்குத் தெற்கே பத்துப் பதினைந்து மைல் போனால் விடை கிடைக்கும். திருமங்கலத்தைத் தாண்டினால் கள்ளிக்குடி, விருதுநகர் வரை கரிசல் மண். பருத்தி விளைகிற பூமி. பருத்தியை அரைத்துப் பஞ்சைப் பிரித்த பிறகு மிஞ்சுவது கொட்டை. அதை மாடும் தின்றது, மனிதனும் பால் எடுத்துக் குடித்தான். பஞ்சு மதுரை மில்லுக்கு வந்தது. 1890களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலை அது. ஊர்க்காரர்கள் இன்னும் ஹார்வி மில் என்றுதான் சொல்வார்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவனுக்கு நடுச்சாமத்தில் சூடாக ஏதாவது வேண்டும். காய்கறி லாரியில் வருகிறவனுக்கும், தென்மாவட்டத்துப் பஸ்ஸில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்கும் வேண்டும். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இவர்களுடைய பசிதான் என்பது என் எண்ணம்.

பழைய சாட்சியும் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சி இந்த ஊரின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்தே பேசுகிறது. மாங்குடி மருதனார் அதில் நடுராத்திரி மதுரையையும் காட்டுகிறார். தேனடை மாதிரி மெத்தென்ற அடையும், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்கிறவர்கள் சரக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். தூங்கா நகரத்தில் தின்பண்டக்காரர்கூடத் தூங்கியிருக்கிறார்! பாவம், அவரும் நடுராத்திரிவரை முழித்தவர்தானே.

இந்த ஊர் தன் தெய்வத்தைப் பற்றிச் சொல்லும் கதையிலும் ஒரு தெருக்கடை வருகிறது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. வந்தி என்கிற கிழவிக்கு ஆள் இல்லை. பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். கூலியாளாக வந்த சிவபெருமான் அவளிடம் கேட்ட கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றுவிட்டு வேலை செய்யாமல் படுத்துத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படியும் வாங்கினார். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்று திருவிளையாடல் சொல்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் சுவாமி ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். அமிர்தம் படைத்த கதைகள் எத்தனையோ இருக்க, மதுரைக்காரர்கள் தெருவில் விற்கிற கிழவியின் கையால் சுவாமிக்குப் பிட்டு கொடுத்து மகிழ்ந்தார்கள். அந்தக் கிழவியை இன்றைக்கும் நீங்கள் பார்க்கலாம். எந்த மாசி வீதிச் சந்திலும் அவள் இட்லிக் கொப்பரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கடையில் நில்லுங்கள். மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடிக்கும். ஈரத்துணியோடு இட்லித் தட்டை எடுத்துக் கவிழ்த்து, துணியின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி இலையில் வந்து விழும். தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, நல்லெண்ணெய் மிதக்கிற காரச் சட்னி. நாலும் இலையில் ஒன்றோடொன்று கலந்துவிடும், கலக்கட்டும். "சூடா இருக்கு, பைய சாப்பிடுங்க தம்பி" என்பாள். நீங்கள் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் விழும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தால் பில் கிடையாது. "என்னப்பா சாப்பிட்ட?" என்று அவள்தான் உங்களிடம் கேட்பாள். நீங்கள் சொல்வதுதான் கணக்கு.

இதை வெளியில் சாப்பிடுவது என்று மதுரைக்காரர்கள் நினைப்பதே இல்லை. வீட்டில் சோறு வடித்துவிட்டு, "போய்க் குழம்பு மட்டும் வாங்கிட்டு வாடா" என்று பையனை அனுப்புகிற வீடுகள் இங்கே உண்டு. வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே சால்னாவுக்கு ஆள் அனுப்புவார்கள். விருந்தாளி திடீரென்று வந்தால் அடுப்படியில் பதற்றமே இருக்காது. தெருமுனையில் பாதிச் சமையல் தயாராக இருக்கிறது. தெருக்கடைச் சாப்பாடு ஏழைக்கு, ஓட்டல் சாப்பாடு வசதியானவனுக்கு என்ற பிரிவினையும் இங்கே எடுபடாது. கார் ஒன்று வந்து வண்டிக்கடை ஓரமாக நிற்கும். இறங்குகிறவரும் லோடுமேனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே கல்லிலிருந்து தோசை வாங்குவார்கள்.

தோசை என்றதும் சிம்மக்கல் போயாக வேண்டும். கோனார் கடையால் பெயர் பெற்ற கறி தோசை அங்கேதான். கல்லில் கனமாக மாவை ஊற்றி, அது பாதி வேகும்போது மேலே முட்டையை உடைத்துப் பரப்புவார்கள். முட்டை இறுகுவதற்குள், தனியாக வேக வைத்த கொத்துக்கறி மசாலாவை அள்ளி வைத்துக் கரண்டியால் நிரவி, மிளகுத்தூள் தூவி, சுற்றி எண்ணெய் விட்டு ஒரே வீச்சில் திருப்பிப் போடுவார்கள். திருப்புகிற அந்த நொடியில் கறி சிதறாமல் இருக்கிறதா என்பதில்தான் மாஸ்டரின் கை தெரியும். அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கறி. மூன்றும் ஒரே விள்ளலில் வர வேண்டும். ஒன்றே ஒன்று சாப்பிட்டால் போதும். இரண்டாவதைக் கேட்பவர் மதுரையில் பிறந்தவராக இருக்க வேண்டும்.

கொத்துப் பரோட்டாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு தெரு தள்ளியே கல்லில் தகரம் தட்டுகிற தாளம் உங்களைக் கூப்பிட்டுவிடும்.

நகரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் அழகர்கோயில். அங்கே பிரசாதமே தோசை. அரிசியும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துத் தடிமனாகச் சுட்டது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. சட்னி கிடையாது, தேவையும் இல்லை. விளைந்ததில் ஒரு பங்கை அழகருக்குக் கொண்டு வருகிற வழக்கம் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பழையது. மலைக்கு மேலே நூபுர கங்கைக்குப் போய் வருகிறவர்கள் இறங்கும்போது ஒரு தோசையைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் வீட்டிலும் அது கெடாமல் இருக்கும்.

தெற்கே திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி என்று ஒரு சிற்றூர். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் 'மதுரை முனியாண்டி விலாஸ்' என்ற பலகை கண்ணில் படுமல்லவா? அந்த முனியாண்டி இந்த ஊர்க்காவல் தெய்வம். பிழைப்புத் தேடி வெளியூர் போன இவ்வூர்க்காரர்கள், தங்கள் வீட்டுக் கறிக்குழம்பைக் கடையாக வைத்துச் சாமி பெயரைச் சூட்டினார்கள். தை மாதத் திருவிழாவுக்கு எல்லா ஊர் முனியாண்டி விலாஸ்காரர்களும் திரும்பி வருகிறார்கள். ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடியற்காலையில் அதுதான் பிரசாதம். யாரும் வாங்கிச் சாப்பிடலாம், சாதியும் ஊரும் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்குப் பிரியாணியா என்று யோசிப்பவர்கள் வரிசையைப் பார்த்தால் யோசனையை விட்டுவிடுவார்கள்.

கண்மாய்களைச் சொல்லாமல் போனால் சுற்றுவட்டாரத்தார் என்னை மன்னிக்க மாட்டார்கள். மழைக்குப் பிறகு அயிரை மீன் வரும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. விலையோ வஞ்சிரத்துக்குச் சவால் விடும். உயிரோடுதான் வாங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து பாலில் விட்டால் வயிற்றுச் சேற்றைக் கக்கும். பிறகு மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, நுரை போகும்வரை பல தண்ணீர் அலசி, முழுசாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். கடைகளில் நல்ல அயிரைக் குழம்பு கிடைக்கிறது. ஆனாலும் என் ஓட்டு வீட்டுக் குழம்புக்குத்தான். காரணம், கடையில் முந்தைய நாள் குழம்பு கிடைக்காது. அயிரைக் குழம்பு மறுநாள் காலை இட்லியோடுதான் முழு ருசிக்கு வரும்.

கறி, மீன் எல்லாம் ஆனபின் வெற்றிலை. மேற்கே வைகைக் கரையில் சோழவந்தான் கொடிக்கால் வெற்றிலை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மெல்லிசாக, காரம் குறைவாக இருக்கும்.

ஜிகர்தண்டாவைக் கடைசிக்கு வைத்தேன். விளக்குத்தூண் பக்கம் வருகிற எல்லாரும் அதை முதலில் கேட்பதால். சுண்டக் காய்ச்சிப் பழுப்பேறிய பால், கடல்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அதன் உயிர் அந்தப் பாலும் நன்னாரியும். இப்போது பல கடைகளில் ஐஸ்கிரீமை மலையாகக் குவித்துப் பாலை அடியில் ஒளித்து வைக்கிறார்கள். "ஐஸ்கிரீம் கம்மியா, பால் கூட ஊத்துங்கண்ணே" என்று கேளுங்கள், தருவார்கள். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பாலைச் சிறுதீயில் வைத்துவிட்டு அடுப்பை விட்டு நகரக் கூடாது. நல்ல நன்னாரி கிடைக்காவிட்டால் ரோஜா எசன்ஸ் ஊற்றி அதற்கு ஜிகர்தண்டா என்று பெயர் வைக்காதீர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தகவல். அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் தல்லாகுளம் தொடங்கி வைகை வரை வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தலும் பானகமும் இருக்கும். காசு கேட்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோளோடு விடைபெறுகிறேன். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. ஆனாலும் கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதும், தட்டின் மேல் பாலித்தீன் தாளை விரித்து அதில் சுடச்சுட இட்லி வைப்பதும் சில கடைகளில் நடக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாழை இலைதான் வேண்டும் என்று நாம் கேட்டால் அவர் வாங்கி வைப்பார். பார்சல் வாங்குகிற எண்ணம் இருந்தால், பயணப் பையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் பாத்திரம் நீட்டுகிறவருக்கு ஒரு கரண்டி கூடவே விழும்.