குமிழி போகும் வழி

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், புவன விஸ்தா ரயில் நிலையத்துக்கு அருகே, 2003ல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் ஆய்வு வளாகம் இருக்கிறது. உயிருள்ள உடலின் உட்புறத்தைப் படம் பிடித்து ஆராயும் துறை அங்கே வளர்ந்தது. உலகெங்கும் அத்துறைக்குச் சவாலாக நிற்கும் ஒரு பொருள், பாக்டீரியாவின் நுண்குமிழி.

பாக்டீரியாக்களில் பல, தம் வெளிச்சவ்விலிருந்து குமிழிகளை உதிர்க்கின்றன. 100 நானோமீட்டர் குமிழிகள் 10,000 சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அவை நஞ்சைச் சுமக்கும்; நோய் எதிர்ப்பாற்றலையும் தூண்டும். நியூசிலாந்தில் 2004ல் மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிராகக் குமிழித் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். புற்றுநோய் மருந்தை அவற்றில் ஏற்றி அனுப்பவும் முயற்சி நடக்கிறது.

மருந்து போய்ச் சேருவது எங்கே? அதை அறிய, செம்பு-64 என்ற கதிரியக்க அணுவைக் குமிழியில் பிணைத்து, எலியின் ரத்தத்தில் செலுத்தி, பெட் ஸ்கேன் எடுக்கலாம். அந்த அணுவின் கதிர்வீச்சு சுமார் 12.7 மணி நேரத்தில் பாதியாகும். ஆகவே ஓரிரு நாள் பின்தொடர முடியும். ரத்தத்தில் செலுத்திய குமிழிகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. படத்தில் தெரிவது குமிழி அல்ல, அதில் ஒட்டிய செம்பு. கழன்றுவிட்ட செம்பும் கல்லீரலுக்கே போகும். ஆகவே வேறோர் எலிக்கு வெறும் செம்பைச் செலுத்தி, இரண்டு படங்களையும் ஒப்பிட வேண்டும். நோயாளிக்கு மருந்து கொடுக்குமுன் இந்தச் சரிபார்ப்பு அவசியம்.