தாய்மார் நலமும் படக் கணக்கும்

எண்களைக் கேட்ட மாத்திரத்தில் மறந்துவிடுவது மனித இயல்பு. அவற்றையே படமாக வரைந்து காட்டினால் மனத்தில் பதிந்துவிடுகின்றன. கிரிமியப் போரில் செவிலித் தொண்டு புரிந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். காயத்தால் மடிந்த பிரிட்டிஷ் வீரர்களைக் காட்டிலும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மடிந்தோரே மிகப் பலர் என்பதை, 1858ஆம் ஆண்டில் அவர் வண்ணப் படமாகவே வரைந்து காட்டினார்.

மகப்பேற்றை ஒட்டி நேரும் மரணங்களையும் அவ்வாறே காண்போம். வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே, உங்கள் கையையே படமாகக் கொள்ளுங்கள். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்பதே கணக்கு. மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் 2018-20 ஆண்டுகளுக்கு அளித்த விவரப்படி, கேரளத்தில் அது 19. இதனை ஒரு விரற்கடை என வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 54, ஏறத்தாழ மூன்று விரற்கடை. இந்தியா முழுமைக்கும் 97, ஐந்து விரற்கடை. அசாமிலோ 195, பத்து விரற்கடையையும் தாண்டி ஒரு சாணை நெருங்கிவிடுகிறது!

இதைக் கொண்டு எந்த மாநிலத்தாரும் செருக்குறவோ மற்றவரை இகழவோ வேண்டுவதில்லை. மாநிலத்தின் சராசரியில் நகரத்து மருத்துவமனையும் மலையடிவாரக் குடிசையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மேலும், இந்த அளவு விதியன்று, குறையக்கூடியது. 2014-16 ஆண்டுகளில் இந்தியாவின் கணக்கு 130, அதாவது ஏறத்தாழ ஏழு விரற்கடையாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரண்டு விரற்கடை குறைந்தது. மிகுந்த குருதிப்போக்கு, இரத்தக் கொதிப்பு, கிருமித் தொற்று ஆகியவையே தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்கள். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் இவற்றினின்றும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

தமிழகத்தைவிட்டு வெளியே வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. கர்ப்பகாலத்தின் முற்பகுதியை வாழும் ஊரில் கழித்துவிட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். இரத்த அழுத்தம், எடை, இரத்தச் சோகை ஆகியவற்றின் விவரம் ஓரூரில் தங்கிவிட, தாய் மட்டும் மற்றோர் ஊர் போய்ச் சேருகிறாள். புதிய மருத்துவர் ஏதும் அறியாது திகைக்கிறார். அரசு சுகாதார நிலையங்களில் வழங்கப்பெறும் தாய் சேய் பாதுகாப்பு அட்டை இக்குறையைத் தீர்க்கவல்லது. குருதிப்போக்கு, வலிப்பு, கடுங்காய்ச்சல் போன்ற அபாய அறிகுறிகள் அதில் படங்களாகவும் உள்ளன. அட்டை அச்சிடப்பட்ட மொழி தெரியாதவரும் அப்படத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே, பயணப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு முன்னதாக அந்த அட்டையை எடுத்து வையுங்கள். மனைவியின் அட்டையைக் கணவரும், மருமகளின் அட்டையை மாமியாரும் ஒருமுறையேனும் பிரித்துப் பாருங்கள். உங்கள் கையில் அளந்த அந்த ஒரு சாண், வீடுதோறும் இத்தகைய கவனத்தினால்தான் ஒரு விரற்கடையாகக் குறுக வேண்டும்.