பிட்டித் தீவின் கடற்பறவைகள்: காப்பும் கணக்கும்

(கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வளர்ச்சிப் பணி என்றவுடன் அணை, சாலை, ஆலை, துறைமுகம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒன்றும் கட்டப்படாமலும் ஒருவரும் குடியேறாமலும் விடப்படுவதாலேயே நாட்டுக்குப் பயன் தரும் இடங்களும் உண்டு. லட்சத்தீவுகளைச் சேர்ந்த பிட்டி அத்தகைய இடமாகும்.

கவரத்தித் தீவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் இது அமைந்துள்ளது. இதன் பரப்பு சுமார் 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர் மட்டுமே. மணலும் பவளப்பாறைச் சிதைவுகளும் கலந்த தாழ்ந்த திட்டு இது. இங்குத் தென்னை இல்லை. மனிதர் வாழ்வதும் இல்லை. பறவைகளின் தீவு என்னும் பொருளில் இதற்குப் 'பட்சிப் பிட்டி' என்ற பெயரும் வழங்குகிறது. மேற்புறம் கருமையும் கீழ்ப்புறம் வெண்மையும் கொண்ட கரிய ஆலா, பழுப்பு ஆலா, பெரிய கொண்டை ஆலா ஆகிய கடற்பறவைகள் இங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

இத்தீவைப் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்தில் முக்கியப் பங்கு கொண்ட ஏ.ஓ. ஹியூம், பறவையியலிலும் பெரும் புலமை உடையவர். அவர் 1875ஆம் ஆண்டில் லட்சத்தீவுக் கடற்பகுதியில் பயணம் செய்து, தாம் கண்ட பறவைகளைப் பற்றி எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் அதன் பின்னரும் அவ்வப்போது வந்து சென்றுள்ளனர். ஆயினும், அவ்வப்போது வந்து பார்ப்பது வேறு. ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணுவது வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பறவையின் வாழ்க்கை முறையை முதலில் அறிய வேண்டும்.

முதலும் வட்டியும்

கரிய ஆலா கடலையே வாழிடமாகக் கொண்டது. எனினும் அதன் இறகுகள் நீரில் நனைந்து கனத்துவிடும் இயல்புடையவை. ஆதலால் அது வாத்தைப் போலக் கடல்மீது மிதந்து இளைப்பாற இயலாது. ஆண்டின் பெரும்பகுதியைப் பறந்தபடியே கழிக்கும் அப்பறவைக்கு, முட்டையிடுவதற்கு மட்டும் நிலம் தேவைப்படுகிறது. அது கூடு கட்டுவதில்லை, தரையிலேயே முட்டையிடுகிறது. ஒரு பருவத்தில் ஓர் இணை இடுவது ஒரே முட்டை. அடைகாக்கும் காலம் ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் சுமார் இரண்டு மாதங்கள் ஆகின்றன. அக்குஞ்சு தானும் இனப்பெருக்கம் செய்யும் வயதை அடையப் பல ஆண்டுகள் கழிய வேண்டும். இக்குறைந்த பெருக்கத்தை நீண்ட ஆயுள் ஈடு செய்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கரிய ஆலாக்கள் பதிவாகியுள்ளன.

பொருளாதார நோக்கில் கூறினால், இது பெரிய முதலும் மிகக் குறைந்த வட்டியும் கொண்ட கணக்கு. முதலில் சிறிது எடுத்தாலும் அதனை ஈடு செய்யப் பல ஆண்டுகள் ஆகும். இதில் ஏமாற்றும் கூறு ஒன்றும் உண்டு. ஓர் ஆண்டின் முட்டைகள் முழுவதும் அழிந்தாலும், மறு ஆண்டும் வளர்ந்த பறவைகள் முன்போலவே திரளாக வந்து சேரும். வானம் நிறைந்த கூட்டத்தைக் காண்பவர் யாவும் நலமே என்று எண்ணுவர். பல ஆண்டுகள் தொடர்ந்து குஞ்சுகள் பிழைக்காமற்போய், மூத்த பறவைகள் மடியத் தொடங்கும்போதுதான் குறைவு கண்ணுக்குத் தெரியும். அப்போது மீட்பது கடினம். எனவே, வந்த பறவைகளை எண்ணினால் மட்டும் போதாது. பிழைத்துப் பறந்து சென்ற குஞ்சுகளையும் எண்ண வேண்டும்.

மீனவருக்குக் கிடைக்கும் பயன்

பறவைகள் இருப்பதால் மக்களுக்கு என்ன பயன் என்ற வினா இயல்பாகவே எழும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லட்சத்தீவில் 64,473 பேர் வாழ்ந்தனர். தென்னையும் சூரை மீனுமே அங்குள்ள பொருளாதாரத்தின் தூண்கள். தமிழ்நாட்டிலும் அறியப்பட்ட மாசிக் கருவாடு இச்சூரையிலிருந்து செய்யப்படுவதே. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி, கூடி வரும் சூரையைக் கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது அங்குள்ள முறை. பெரிய வலைகளால் விளையும் வீண் அழிவு இதில் இல்லை.

சூரைக் கூட்டம் கீழிருந்து துரத்தும்போது சிறு மீன்கள் நீர்மட்டத்திற்கு வருகின்றன. அவற்றை ஆலாக்கள் மேலிருந்து கொத்துகின்றன. பறவைகள் வட்டமிடும் இடத்தை நோக்கி மீனவர் படகைச் செலுத்துகின்றனர். தேடும் நேரம் குறைந்தால் எரிபொருள் செலவும் குறைகிறது. இப்பயன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை என்று கருதிவிடலாகாது.

சட்டமும் அதன் எல்லையும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1995ஆம் ஆண்டில் பிட்டி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உரிய அனுமதியின்றிச் சரணாலயத்தில் நுழைவதை இச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆராய்ச்சிக்காக அனுமதி வழங்கவும் வழி செய்கிறது. 2020ஆம் ஆண்டில் பிட்டியைச் சூழ்ந்த 62 சதுர கிலோமீட்டர் பகுதி, பி.எம். சயீதின் பெயரால் கடற்பறவைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

சட்டத்தை மனிதர் அறிவர், எலி அறியாது. லட்சத்தீவின் குடியிருப்புத் தீவுகளில் எலிகள் தென்னங்குரும்பைகளை அழிப்பது நெடுநாளைய தொல்லை. ஒரு படகின் மூலம் சில எலிகள் பிட்டியில் இறங்கிவிட்டால், தரையில் கிடக்கும் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் காப்பில்லை. இதற்கு அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அசென்ஷன் தீவு தக்க சான்று. இதே கரிய ஆலாக்கள் அங்கும் முட்டையிடுகின்றன. மனிதர் கொண்டுவந்த பூனைகள் காட்டுப் பூனைகளாகப் பெருகிக் கடற்பறவைகளை அழித்தன. 2002ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் பயனாய், 2006ஆம் ஆண்டில் அத்தீவு காட்டுப் பூனைகள் அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் எலிகளும், அங்குக் கொண்டுபோய் விடப்பட்ட மைனாக்களும் ஆலாக்களுக்குக் கேடு செய்வதைத் தொடர் ஆய்வுகள் காட்டின. ஒரு பகையை அகற்றியதுடன் பணி முடிந்துவிடவில்லை என்பதை உணர்த்தியது அங்கு இடைவிடாது நடைபெற்ற கணக்கெடுப்பே.

நிலத்தின் நிலையும் கவலை தருவதே. பங்காரம் பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பரளி என்னும் சிறு தீவுகளுள் ஒன்று, 1968ஆம் ஆண்டில் 0.032 சதுர கிலோமீட்டர் பரப்பு உடையதாய் இருந்தது. அது அரிப்பினால் முற்றிலும் மறைந்துவிட்டதாக 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. அப்பரப்பு பிட்டியைப்போல் இரு மடங்குக்கும் மேல். கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்த 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் லட்சத்தீவையும் தாக்கின. அலையைத் தடுக்கும் பவளம் நலிந்தால் மணல்திட்டு நிலைப்பது அரிது.

செலவும் பொறுப்பும்

இந்நிலையில் செய்யத்தக்கவை எளியவையே. முதலாவது, ஆண்டுதோறும் குறிப்பிட்ட மாதங்களில் ஒரே முறையைப் பின்பற்றி, முட்டைகளையும் பிழைத்த குஞ்சுகளையும் எண்ணுதல். எண்ணுவோரே தீங்கு செய்துவிடாமல் இருப்பதும் முக்கியம். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால் வெயிலில் கிடக்கும் முட்டை விரைவில் கெட்டுவிடும். ஆகவே காலையிலோ மாலையிலோ சில நிமிடங்களில் பணியை முடித்தல் வேண்டும். இரண்டாவது, மணல்திட்டின் எல்லையை அளந்து பதிதல். மூன்றாவது, தீவுக்குச் செல்லும் ஒவ்வொரு படகையும் எலி இல்லை என்று சோதித்த பின்னரே அனுப்புதல். இவற்றுக்கு ஒரு படகும், பயிற்சி பெற்ற சிலரும், ஒழுங்காகப் பேணப்படும் பதிவேடும் போதும்.

கட்டுப்பாட்டின் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். முட்டைகளை உணவுக்காக எடுத்தல் முன்பு இருந்த வழக்கம். திட்டில் கால் வைக்காதே என்பது சிறு படகு மீனவருக்குச் சொல்லப்படும் கட்டளை. பயன் நாடு முழுவதற்கும், இழப்பு அவருக்கு மட்டும் என்றால் அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்காது. கரையிலிருந்து 24 கிலோமீட்டர் அப்பால் நாள்தோறும் காவலரை நிறுத்துவதும் இயலாது. அக்கடலில் அன்றாடம் செல்பவர் மீனவரே. கணக்கெடுப்பிலும் கண்காணிப்பிலும் அவரைச் சேர்த்து, அதற்கு உரிய ஊதியம் வழங்கி, முடிவுகளை அவருடைய மொழியில் அவருக்கே தெரிவிப்பது அறமும் ஆகும், சிக்கனமும் ஆகும்.

சரணாலயம் என்ற அறிவிப்பு ஓர் அரசாணையால் முடிந்துவிடுகிறது. அது பலன் தருகிறதா என்பதை ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்குத்தான் கூற முடியும். இந்த ஆண்டு பிட்டியில் எத்தனை குஞ்சுகள் பறந்து சென்றன? இவ்வினாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் விடை கிடைக்குமானால், ஆலாக் கூட்டம் குறையத் தொடங்கும் முன்பே செயற்படக் காலம் இருக்கும்.