இரண்டு சொற்கள், ஒரே நெருப்பு

(விருதுநகர் மாவட்டக் குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஒலியால் நெருங்கிய ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும்போது, பொருள் எங்கே வேறுபடுகிறது என்றே தேடுகிறோம். பொருள் வேறுபடாத ஓர் இணையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்: 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்'. இரண்டுக்குமே 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்பதுதான் பொருள்.

முன்னொட்டுப் பாடத்தில் கரெக்ட் – இன்கரெக்ட், விசிபிள் – இன்விசிபிள் என்று எழுதி, 'இன் சேர்ந்தால் எதிர்ச்சொல்' என்கிறோம். அதை நன்றாகப் படித்த பிள்ளை, சாத்தூர் சாலையில் போகும் டேங்கர் லாரியில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்றிருப்பதை எப்படிப் புரிந்துகொள்ளும்? 'தீப்பற்றவே பற்றாது' என்றுதானே!

லத்தீன் மொழியில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது. இங்கே வருவது இரண்டாவது. 'இன்ஃபிளமாரே' என்றால் தீமூட்டுதல். உடலில் வரும் 'இன்ஃபிளமேஷன்' அதன் உறவுச் சொல். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அதற்குள்ளும் அழல் இருக்கிறது. தமிழிலும் நீதி, அநீதி ஆகும்; ஆனால் அமைதியில் உள்ள 'அ' எதிர்மறை அன்று.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய அதே 1920களில், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இக்குழப்பத்தை உணர்ந்து, எச்சரிக்கைகளில் 'ஃபிளேமபிள்' என்றே எழுத வற்புறுத்தியது. தீப்பற்றாததற்கு 'நான்ஃபிளேமபிள்' என்பதே சொல். ஆயினும் பழைய சொல் நம் சாலைகளில் இன்னும் ஓடுகிறது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில் தொழிலாளர்கள் மட்டுமல்லர், உதவ ஓடிய அக்கம்பக்கத்தாரும் உண்டு. ஆகவே எச்சரிக்கைச் சொல் ஆலைக்குள் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று. வேலியோரம் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் உரியது.

என் வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதுவேன். முதல் இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்து, பக்கத்தில் தீச்சுடர் படம் வரைவேன். 'நான்' என்று தொடங்குவதை வட்டத்துக்கு வெளியே நிறுத்துவேன். பிறகு, ஊரில் எங்கெல்லாம் இச்சொற்களைப் பார்த்தார்கள் என்று கேட்பேன். சானிடைசர் குப்பி, பெயின்ட் டப்பா, லாரி எனப் பட்டியல் நீளும். தொட்டுப் பார்க்காமல், வாசித்து வரச் சொல்லுங்கள்.

முன்னொட்டு விதியை நடத்தும் அன்றே இந்த விலக்கையும் நடத்திவிட வேண்டுகிறேன். அடுத்த பாடவேளைக்குத் தள்ள வேண்டாம்.