வராத பிள்ளையை அன்றே தேடுங்கள்

(ஸ்கூடாயில் ஒளிப்பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பெண் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிக்கு மட்டம் போடும் இடைநிலைப்பள்ளி மாணவர்களை எப்படித் திருத்துவது என்பது இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வழக்கமாகக் கேள்வி கேட்கும் பக்கத்தில் இருப்பவள் நான். நான் ஆசிரியையும் இல்லை, மனோவியல் படித்தவளும் இல்லை. தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவள், அவ்வளவுதான். ஆனால், மட்டம் போட்ட ஒரு மாணவனுக்கு அக்கா என்ற தகுதி எனக்கு உண்டு.

நான் போட்ட கையெழுத்து

ஸ்கூடாய் மக்களுக்கு அதிகாலை 4.30 மணியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தாமான் முழுக்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்கள் துவாஸ் பக்கமோ உட்லண்ட்ஸ் பக்கமோ பாலம் கடக்கப் புறப்படும் நேரம் அது. எங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர். அம்மாவை ஏற்றிப் போகும் தொழிற்சாலை பஸ் ஆறு மணிக்கு வந்துவிடும். பள்ளி தொடங்குவதோ 7.30-க்கு. இடைப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை.

2009-ஆம் ஆண்டு தம்பி நான்காம் படிவத்தில் இருந்தான். நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வந்தால் போதும், “தலை வலிக்குதுக்கா. அப்பாகிட்ட சொல்லாத” என்பான். ஒரு நாள்தானே என்று விட்டுவிடுவேன். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது அப்பா பெல்ட்டைக் கழற்றுவாரே என்று பயந்து, அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். இரண்டாவது கடிதத்துக்கும் நானேதான் போட்டேன். தம்பியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன்.

மூன்றாவது கடிதம் அப்பா கைக்கே போய்ச் சேர்ந்தது. அன்று இரவு வீட்டில் அடி. மறுவாரம் பள்ளியில் பிரம்படி. அதோடு ஒரு வாரம் பள்ளியிலிருந்து இடைநீக்கம். பள்ளிக்கு வராத பையனுக்கு, பள்ளிக்கு வராதே என்பது தண்டனையா? அந்த ஒரு வாரமும் தம்பி நிம்மதியாகத் தூங்கினான். அதன் பிறகு அவன் பள்ளிக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எஸ்.பி.எம். தேர்வு எழுதவே இல்லை.

காரணம் என்ன என்று அவன் சொன்னது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். திங்கட்கிழமை முதல் இரண்டு பாடவேளையும் கணிதம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன், ஆங்கிலத்தில் நடந்த பாடத்தில் எங்கேயோ பின்தங்கிவிட்டான். கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். ஏன் திங்கட்கிழமை மட்டும் இவன் வருவதில்லை என்று பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

கடிதம் வருவதற்குள்

பள்ளிகளில் நடைமுறை இல்லாமல் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம். விட்டு விட்டு மட்டம் போட்டால் பத்து நாள் சேர்ந்த பிறகுதான் அந்தக் கடிதம். இப்படியே போய் அறுபது நாளை எட்டினால் பள்ளியிலிருந்தே நீக்கம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டம் போடும் பையனுக்குப் பத்து நாள் சேர இரண்டரை மாதம் ஆகும். அதற்குள் மட்டம் போடுவது பழக்கமாகிவிடாதா?

பிரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1959-ஆம் ஆண்டு பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்படி கொடுக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கும் அவர் பொறுப்பளித்தவருக்கும் தந்தன. மாணவிகளை அடிக்கக் கூடாது என்றும் சொல்லின. ‘அடியாத மாடு பணியாது’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மாடு தொழுவத்தில் நின்றால்தானே அடிப்பதும் பணிவதும்? ஓடிப்போன மாட்டை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 28,000-க்கும் அதிகமான குடும்பங்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை என்று பெற்றோருக்கு அவ்வப்போது கடிதம் அனுப்பினார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. அதற்கே, மிக அதிகமாக மட்டம் போடும் மாணவர்களின் எண்ணிக்கை பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை! அதே நாட்டின் ஆர்கன்சா மாநிலம் 2013-இல் ஒரு சட்டம் இயற்றி, மட்டம் போட்டதற்காக மாணவனைப் பள்ளியை விட்டு இடைநீக்கம் செய்வதைத் தடை செய்தது.

என்ன செய்யலாம்?

முதலாவது, அன்றைக்கே ஓர் அழைப்பு. காலை எட்டரை மணிக்குள் வராத மாணவனின் வீட்டுக்குச் செய்தி போக வேண்டும். அப்பாவின் கைப்பேசி வேலையிடத்து லாக்கரில் இருக்கும், அம்மா இயந்திரத்துக்கு முன்னால் நிற்பார். ஆகவே பெற்றோர்களே, பகலில் போனை எடுக்கக்கூடிய இன்னொருவரின் எண்ணையும் வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். பாட்டியோ, சித்தியோ, அடுத்த வீட்டு அக்காவோ, யாராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, எந்த நாள், எந்தப் பாடவேளை என்று பாருங்கள். சிலர் பள்ளிக்கு வந்துவிட்டு வகுப்புக்கு மட்டும் போகாமல் கழிப்பறையிலும் கேண்டீன் பின்புறத்திலும் ஒளிந்திருப்பார்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் வருகையைக் கவனித்தால் காரணம் தானாகத் தெரியும். பாடம் புரியவில்லையா, பகடிவதையா, இரவு வேலைக்குப் போகிறானா? காரணத்துக்கு ஏற்ற மருந்தைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, தண்டனை பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும். தவறவிட்ட பாடத்தைப் பள்ளி முடிந்த பிறகு ஓர் ஆசிரியர் முன்னிலையில் உட்கார்ந்து படித்து முடிக்கட்டும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் தப்பாமல் நடக்கும் சிறிய கண்டிப்பு, எப்போதோ ஒரு நாள் விழும் பெரிய அடியைவிட வலிமையானது.

நான்காவது, பிள்ளைக்காகப் பொய் சொல்லாதீர்கள். காய்ச்சல் என்று பொய்க் கடிதம் எழுதும் அம்மாமார்களுக்கும், என்னைப் போன்ற அக்காமார்களுக்கும் இதைக் கைகூப்பிச் சொல்கிறேன்.

2023-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வுக்கு வராதவர்கள் நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் அதிகம். தொடக்கக்கல்வி 2003-இலேயே கட்டாயமானது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை மக்களவை 2025-இல் நிறைவேற்றியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சட்டம் வரும். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவன் வகுப்பில் இருக்கிறானா என்று பார்க்கச் சட்டம் வராது. நாம்தான் பார்க்க வேண்டும்.

என் தம்பி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனும் அதிகாலை 4.30-க்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கிறான். காலை இடைவேளையில் பள்ளிக்கு ஒரு வரிதான் அனுப்புவான்: “டீச்சர், பிள்ள வந்துட்டாளா?” அவன் படித்த காலத்தில் அந்தக் கேள்வியை அவனுக்காகக் கேட்க ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

நாளைக் காலை நீங்கள் கேளுங்கள்.